குளிர் வந்துட்டிருக்கு, யார் யார் எப்படி இருக்கீங்க? (மூட்டு, விரல், மனசு எல்லாம் இங்கேயே எழுதலாம்)

பொத்தான்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குக் காலையில சட்டைப் பொத்தான் மூணாவதுல நின்னுபோச்சு. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் பொத்தானைப் பிடிக்குது. துளைக்குள்ள தள்ளுற அந்தக் கடைசி அழுத்தம் மட்டும் வரல. ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுனு இருந்தது. சரி, வந்தாச்சுன்னு புரிஞ்சுது.

முடக்குவாதத்தோட (மூட்டெல்லாம் வீங்கி விறைச்சுப்போற நோய்) இது எனக்குப் பதினோராவது குளிர்காலம். ஒவ்வொரு வருஷமும் வலி முத்தின பிறகுதான் நாம இங்க வந்து புலம்புறோம். இந்தத் தடவை முன்கூட்டியே பேசிடலாம்னு தோணுச்சு. பெரிய சேதியா இருக்கணும்னு இல்ல. எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் உங்க நாள் எப்படிப் போகுது, எங்க இடிக்குது, எது கைகொடுக்குது, அதை எழுதுங்க. போன வருஷம் பாதியில காணாமப் போனவங்களும் வாங்க. ஏன் வரலைன்னு யாரும் கேக்க மாட்டோம்.

எனக்கு இப்போ காலை விறைப்பு ஒன்றரை மணி நேரம். வெயில் காலத்துல நாற்பது நிமிஷம்தான் இருந்தது.

வெயில்தேடி

வந்துட்டேன் அக்கா. எனக்கு லூப்பஸ் (நம்ம எதிர்ப்புச் சக்தியே நம்ம உடம்பைத் தாக்குற நோய்), கூடவே ரேனாட்ஸ் (குளிர் பட்டா விரலுக்கு ரத்தம் போறது தடைபடுறது). அதனால குளிர்காலம்னு தனியா ஒண்ணு வரணும்னே இல்ல, ஃப்ரீசர் கதவு போதும்.

நேத்து ஒரு டப்பாவை உள்ள வைக்க இருபது விநாடி ஆகியிருக்கும். நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணு வரைக்கும் மெழுகு மாதிரி வெளுத்துப்போச்சு. கோடு கிழிச்ச மாதிரி இந்தப் பக்கம் என் நிறம், அந்தப் பக்கம் வெள்ளை. இன்னொரு கையால தொட்டுப் பார்த்தா வேற யாரோட விரலையோ தொடுற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்துல நீலம் பாரிச்சுது. கால் மணி நேரம் கழிச்சு ரத்தம் திரும்புச்சு பாருங்க, அதுதான் நிஜமான வேதனை. செக்கச்செவேல்னு ஆகி, விண்விண்ணுன்னு தெறிச்சுது. பார்க்கிறவங்களுக்கு வெள்ளையா இருக்கிறப்போதான் பயமா இருக்கும். நமக்கு அழுகை வர்றது சிவக்கிறப்போதான்.

இப்போ ஃப்ரிட்ஜ் கைப்பிடியில ஒரு ஜோடி கையுறையைத் தொங்கவிட்டிருக்கேன். போட்டுக்கிட்டுதான் கதவைத் திறக்கிறது. முதல் வாரம் மறந்து மறந்து போச்சு. இப்போ கை தானா அங்க போகுது.

துணைவன்

நோயாளி நான் இல்லை, என் மனைவி. அவங்க டைப் பண்ண முடியாத நாள்கள்ல நான் எழுதுவேன்னு பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும்.

எங்க வீட்டுல காலை ஐந்தரைக்குத் தொடங்குது. அலாரம் அடிச்சதும் அவங்க எழுந்திருக்க மாட்டாங்க. மாத்திரையைச் சாப்பிட்டுட்டு, போர்வைக்குள்ளேயே வெந்நீர் பையைக் கையில அணைச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் படுத்திருப்பாங்க. உள்ளேயே விரலை மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுத்தி, ஒவ்வொண்ணா எழுப்புவாங்க. ஆறேகாலுக்குக் கால் தரையில படும். முன்னெல்லாம் ஆறு மணிக்கு அலாரம் வெச்சு, ஆறு ஒண்ணுக்கு எழுந்து, ஒவ்வொரு அடிக்கும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தவங்க. அரை மணி நேரம் முன்னாடி கண் விழிச்சது நாளையே மாத்திடுச்சு.

ஒரு கேள்வி. மேகம் கட்டினா, மழைக்கு முந்தின நாளே அவங்களுக்கு முட்டி சொல்லிடுது. பத்து வருஷம் நான் அதை நம்பல. "மனசுதான் காரணம்"னு வாய்விட்டே சொல்லியிருக்கேன். இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?

கடிகாரம்

இருக்கிறது தம்பி. பிரிட்டனில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் நீண்டகால வலி உள்ளவர்களிடம் கைபேசி வழியாகத் தினமும் வலியின் அளவைப் பதியச் சொன்னார்கள். இருக்கும் இடத்தின் வானிலை தானாகவே அதோடு சேர்ந்துகொள்ளும். 2019இல் முடிவு வந்தது. 2,600க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்திருந்தார்கள். காற்றில் ஈரப்பதம் கூடி, காற்றழுத்தம் குறைந்து, காற்றும் பலமாக வீசும் நாள்களில் வலி கூடுவதற்கான வாய்ப்பு சற்று அதிகம். மிக மோசமான வானிலை நாளைச் சாதாரண நாளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகம். வெப்பநிலைக்கு மட்டும் அவ்வளவு தொடர்பு தெரியவில்லை. குளிரைவிட ஈரமும் அழுத்தமும்தான் முன்னால் நின்றன.

இதை எதிர்த்துச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் உங்கள் மனைவி பொய் சொல்லவில்லை. இன்று மாலையே அவரிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

துணைவன்

சொன்னேன் ஐயா. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் "பத்து வருஷம் ஆச்சு"ன்னாங்க. அவ்வளவுதான்.

புதுத்துளிர்

வணக்கம், நான் இங்க புதுசு. எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். வயசு 24. எனக்கு முடக்குவாதமா லூப்பஸான்னு எல்லாம் தெரியாது. ரெண்டு குளிர்காலமா வெயில்தேடி அக்கா சொன்ன அதே மாதிரி விரல் வெளுக்குது. அவங்க எழுதினதைப் படிச்சுட்டு உடம்பெல்லாம் நடுங்குச்சு, ஏன்னா இதை இவ்வளவு சரியா இதுக்கு முன்னாடி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. வீட்டுல "ரத்தம் கம்மி, நல்லா சாப்பிடு"ன்னுதான் சொல்லுவாங்க.

போன வாரம் வெளியில போயிட்டு வந்ததும் விரல் சுத்தமா உணர்ச்சியே இல்ல. பயத்துல கொதிக்கிற பதத்துல இருந்த தண்ணியில கையை விட்டுட்டேன். சூடே தெரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, ரெண்டு விரல்ல கொப்புளம். டாக்டர் ரத்தப் பரிசோதனையும் நகத்து ஓரத்தைப் பார்க்கிற ஒரு சோதனையும் எழுதிக் கொடுத்திருக்காங்க. இணையத்துல தேடினேன், தூக்கமே போச்சு. இது பெரிய வியாதியோட ஆரம்பமா?

வெயில்தேடி

கண்ணு, முதல்ல கொப்புளத்தை உடைக்காதே. ரேனாட்ஸ் இருக்கிற விரல்ல புண் ஆற ரொம்ப நாள் ஆகும். சீழ் வெச்சாலோ, நுனி கறுத்தாலோ, வெளுப்பு மாறாம அப்படியே நின்னாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடு. மத்ததை ஐயா சொல்லுவாரு.

கடிகாரம்

மகளே, நான் முப்பத்தைந்து ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவன். மருத்துவன் அல்ல. எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

1862இல் மோரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த ரேனாட்ஸை விவரித்தார். அதனால்தான் இந்தப் பெயர். குளிரோ மனப் பதற்றமோ பட்டதும் விரலின் சிறு ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி இறுகிக்கொள்கின்றன. இதில் இரண்டு வகை உண்டு. வேறெந்த நோயும் பின்னால் இல்லாமல் தானாக வருவது முதல் வகை. பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான். இளம் வயதில், பெண்களுக்கு அதிகமாகத் தொடங்கும். தொல்லையே தவிர ஆபத்து குறைவு. லூப்பஸ், தோலை இறுக்கிவிடும் ஸ்க்லெரோடெர்மா போன்ற நோய்களோடு சேர்ந்து வருவது இரண்டாவது. இரண்டையும் பிரித்தறியத்தான் உனக்கு அந்தச் சோதனைகளை எழுதியிருக்கிறார்கள். நகமும் தோலும் சேரும் ஓரத்தில் இருக்கும் நுண்குழாய்களை உருப்பெருக்கி வழியாகப் பார்ப்பார்கள். வலிக்காது, ஊசி கிடையாது. குழாய்கள் வரிசையாக, ஒரே அளவில், கொண்டையூசி வளைவு போலத் தெரிந்தால் நல்ல சேதி. அங்கங்கே வீங்கியோ, இடையிடையே காணாமலோ இருந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். உன் வயதைக் கேட்டதும் எனக்கு முதல் வகைதான் நினைவுக்கு வந்தது, ஆனால் முடிவு வரட்டும்.

கொதிநீர் இனி வேண்டவே வேண்டாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் மூளைக்குச் செய்தி போகும். வெதுவெதுப்பான நீர் போதும். அதுகூட இல்லாத இடத்தில் கையை அக்குளுக்குள் வைத்துக்கொள். இல்லையென்றால் கையை நீட்டி, தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்று. ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும்.

எல்லோருக்கும் இன்னொன்று, குளிர்காலத்தில் இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சளி, மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் போன்றவை இருக்கும். மூக்கில் இருக்கும் ரத்தக் குழாயைச் சுருக்கித்தான் அது அடைப்பைத் திறக்கிறது. விரலில் இருப்பதையும் அதுவே சுருக்கும். ரேனாட்ஸ் உள்ளவர்கள் அட்டையைத் திருப்பிப் படிக்காமல் விழுங்காதீர்கள். புகைப்பழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

புதுத்துளிர்

ரொம்ப நன்றி ஐயா. சோதனை அடுத்த வியாழன். மூக்கடைப்பு மாத்திரை போன மாசம் முழுக்கச் சாப்பிட்டிருக்கேன், அட்டையை இப்போதான் எடுத்துப் பார்த்தேன். நீங்க சொன்ன பேரு இருக்கு.

நான்காம்மாடி

உடம்பைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் மனசைப் பத்தி எழுதுறேன்.

இருட்டுறப்போ வேலையிலேர்ந்து கிளம்புறேன், இருட்டுல வீட்டுக்குள்ள நுழையுறேன். கதவைச் சாத்தினதும் கோட்டைக்கூடக் கழட்டாம அப்படியே நாற்காலியில உக்காந்துடுறேன். வலி இல்ல. அழுகையும் இல்ல. எழுந்து விளக்கைப் போடணும்னு தெரியும், கை போகாது. போன வருஷம் இதைச் சோம்பேறித்தனம்னு நெனச்சு என்னையே திட்டிக்கிட்டேன். இந்த வருஷம் டாக்டர்கிட்ட சொன்னேன். பருவகால மனச்சோர்வுன்னாங்க. 1984லயே நார்மன் ரோசன்தாலும் அவரோட சக ஆய்வாளர்களும் இதை விவரிச்சு எழுதியிருக்காங்களாம். பேர் இருக்குன்னு தெரிஞ்சதே பாதி பாரத்தை இறக்கினாப்புல இருந்தது.

10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் தர்ற விளக்கு ஒண்ணு வாங்கியிருக்கேன். காலையில அரை மணி நேரம் அதுக்கு எதிர்ல உக்காந்து மருந்து டப்பாவை நிரப்புறது, கடிதம் படிக்கிறது எல்லாம் நடக்குது. விளக்கையே உத்துப் பார்க்கக் கூடாது, வெளிச்சம் கண்ணுல பட்டாப் போதும். சாதாரண அறை விளக்கு சில நூறு லக்ஸ்தானாம். மேகம் மூடின பகல்லகூட வெளியில அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கு. அதனால மதிய இடைவேளையில பத்து நிமிஷமாவது வெளிய நடக்கிறேன். மூணு வாரம் ஆச்சு. நேத்து கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டினேன்.

லூப்பஸுக்கும் முடக்குவாதத்துக்கும் தர்ற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுறவங்க, கண்ணுல பிரச்சினை இருக்கிறவங்க, மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய் இருக்கிறவங்க, டாக்டரைக் கேக்காம இந்த விளக்கைத் தொடாதீங்க.

பொத்தான்பெட்டி

நான்காம்மாடி, கோட்டு ஆணிக்குப் போன சேதியை ரெண்டு தடவை படிச்சேன் ப்பா.

கையுறை பத்திப் பேச்சு வந்ததால எனக்குத் தெரிஞ்சதையும் சொல்றேன். விரல் விரலா பிரிஞ்ச கையுறையைவிட, நாலு விரலும் ஒரே பைக்குள்ள போற கையுறைதான் சூடு. ஒரு விரலோட சூடு இன்னொண்ணுக்குக் கிடைக்கும். வெளிய போய்க் குளிர்ந்த பிறகு போட்டா பிரயோஜனம் இல்ல, வீட்டுக்குள்ள கை சூடா இருக்கிறப்பவே போட்டுக்கணும். அதைவிட முக்கியம் மார்பும் வயிறும். நடு உடம்பு குளிர்ந்தா, உடம்பு விரலுக்குப் போற ரத்தத்தை நிறுத்தி உள்ளுக்கு இழுத்துக்கும். கையுறைக்குச் செலவழிக்கிறதுக்கு முன்னாடி உள்பனியனுக்குச் செலவழிங்க.

அப்புறம் துணைவன் தம்பி, ஒரு விஷயம். அவங்க பொத்தானை நீங்க போட்டுவிடுறீங்களா?

துணைவன்

ஆமா அக்கா. தடுமாறுறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியல.

பொத்தான்பெட்டி

கேட்டுட்டுப் போடுங்க. எனக்கு அந்தப் பொத்தான் வெறும் பொத்தான் இல்ல. இன்னைக்கு எவ்வளவு தூரம் போகலாம்னு எனக்குச் சொல்ற கருவி. யாராவது முந்திக்கிட்டு ஓடி வந்து போட்டுவிட்டா, அன்பு புரியுது, ஆனா கையிலேர்ந்து எதையோ பிடுங்கின மாதிரி இருக்கு. கைக்குன்னு தினமும் பயிற்சி பண்ணினா கை இன்னும் நல்லா வேலை செய்யுதுன்னு பிரிட்டன்ல முடக்குவாத நோயாளிகளை வெச்சு நடத்தின பெரிய ஆய்வு ஒண்ணு 2015ல வந்தது. பொத்தானும் ஒரு பயிற்சிதானே. அவங்க வேணும்னு சொன்னா போட்டுவிடுங்க, வேண்டாம்னா பக்கத்துல நில்லுங்க.

வெயில்தேடி

இதுல நான் அக்காவோட ஒத்துப்போக மாட்டேன். மோசமான நாள்ல "வேணும்"னு கேக்கிறதே ஒரு வேலை. கேக்காமலே செஞ்சா எனக்குப் பிடிக்கும். ஆளுக்கு ஆள் வேற. துணைவன் அண்ணா, இன்னைக்கு ஒரு தடவை உக்காந்து அண்ணிகிட்ட பேசிடுங்க, தினமும் கேக்க வேண்டியிருக்காது.

நூல்கண்டு

ரொம்ப நாளாச்சு. நான்தான் போன வருஷம் பாதியில காணாமப் போனவ.

ஏன்னு கேக்க மாட்டோம்னு அக்கா சொன்னாங்க. நானே சொல்லிடுறேன், சொல்லாம இருந்தா இங்க திரும்பி உக்கார முடியாது.

ப்ரெட்னிசோலோன்னு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, ஒன்றரை வருஷமா சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். முகம் உப்பிப்போச்சு. குடும்பத்துல ஒரு விசேஷம் வந்தது, போட்டோவுல என்னையே எனக்கு அடையாளம் தெரியல. யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை நிறுத்திட்டேன். குறைக்கல, ஒரே நாள்ல நிறுத்தினேன். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தது. அப்புறம் எழுந்தா தலை சுத்துது, வாந்தி, ஒரு டம்ளரைத் தூக்கத் தெம்பில்ல. குளிருக்குத்தான் இப்படின்னு இன்னும் ரெண்டு போர்வை போட்டுப் படுத்தேன். ஐந்தாம் நாள் குளியலறையில விழுந்தேன். ஆஸ்பத்திரியில ரத்த அழுத்தம் தரையில கிடந்தது. ரொம்ப நாள் வெளியிலேர்ந்து ஸ்டீராய்டு போனா, சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற நம்ம அட்ரினல் சுரப்பி தானா அதைச் சுரக்கிறதை விட்டுடுமாம். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா உடம்புக்கு ரெண்டு பக்கமும் இல்லாமப் போகும். உயிருக்கே ஆபத்துன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஐஞ்சு நாளும் இந்தக் குழுவைத் திறந்து படிச்சேன். நீங்க எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். "நிறுத்திட்டேன், ஒரு மாதிரி இருக்கு"ன்னு ஒரு வரி தட்டியிருந்தா கடிகாரம் ஐயா அன்னைக்கே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாரு. முகத்தைப் பத்தின வெக்கம், அதைச் சொல்ல விடல.

இப்போ டாக்டர் மாசக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமா குறைச்சுக்கிட்டு வர்றாரு. முகம் பாதி இறங்கியிருக்கு. ஊசியைப் பிடிச்சுப் பின்னத் தொடங்கியிருக்கேன், ஒரு நாளைக்கு நாலு வரிசை. அதுக்கு மேல போனா மணிக்கட்டு பேசும்.

கடிகாரம்

அம்மா, திரும்பி வந்தீர்களே, அது போதும். அந்த நாள்களில் உங்கள் பெயரைக் காணவில்லை என்று நான் கவனித்தேன். கவனித்தும் ஒரு செய்தி அனுப்பவில்லை. யாரோ கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன். அது என் தவறு.

பொத்தான்பெட்டி

நானும்தான்.

ஒரு ஏற்பாடு பண்ணலாமா? குளிர்காலம் முடியுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் இந்த இழையில ஒரு வார்த்தை. "இருக்கேன்"னு போட்டாப் போதும். நல்லா இருக்கேன்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. மதியம் வரைக்கும் வரலைன்னா நான் தனிச்செய்தி அனுப்புவேன். எனக்குக் கை சரியில்லாத வாரம் வெயில்தேடி பார்த்துப்பா.

வெயில்தேடி

பார்த்துக்கிறேன்.

நான்காம்மாடி

சம்மதம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் ஞாயிறு உபயோகப்படும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மருந்து அது. மறதியில தினமும் சாப்பிட்டு உயிருக்குப் போராடினவங்க உண்டு. நான் கிழமையை முழுசா எழுதி டப்பா மேல ஒட்டியிருக்கேன், காலண்டர்ல சாப்பிட்ட பிறகுதான் டிக்.

துணைவன்

ஃப்ளூ தடுப்பூசி போட்டாச்சா எல்லாரும்? எங்க டாக்டர் இப்பவே போடச் சொன்னாங்க, பலன் தர ரெண்டு வாரம் ஆகுமாம்.

கடிகாரம்

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஊசியாகப் போடுவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மூக்கில் தெளிக்கும் வகையில் உயிருள்ள கிருமி இருக்கிறது, அது நமக்கு ஆகாது. நோய் அடங்கியிருந்தால் தடுப்பூசிக்குப் பிறகு மெத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் தள்ளிப்போடலாம் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பு 2022இல் பரிந்துரைத்திருக்கிறது. தள்ளுவதா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். நூல்கண்டு அம்மா சொன்னதைப் படித்த பிறகு யாரும் தானாக எதையும் நிறுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

புதுத்துளிர்

இன்னைக்கு வியாழன். போயிட்டு வந்தேன். நகத்து மேல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கருவியை வெச்சுத் திரையில காட்டினாங்க. ஐயா சொன்ன மாதிரியே கொண்டையூசி வளைவு, வரிசை வரிசையா. அதுக்குள்ள ரத்தம் நகர்றது தெரிஞ்சுது. இவ்வளவு தொல்லை கொடுக்கிறது இவ்வளவு அழகா இருக்கேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ரத்தப் பரிசோதனையும் சுத்தம். முதல் வகைதான்னு சொன்னாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். மருந்து இப்போதைக்கு வேண்டாம், ரொம்ப முடியலைன்னா ரத்தக் குழாயைத் தளர்த்துற நிஃபெடிபின் தரலாம்னாங்க.

உங்க அளவுக்கு எனக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு இங்க இருக்கலாமான்னு தெரியல.

வெயில்தேடி

விரல் வெளுக்குதா இல்லையா? வெளுக்குதில்ல? அப்புறம் என்ன கேள்வி. நிஃபெடிபின் தொடங்குறப்போ தலைவலி வரலாம், கணுக்கால் வீங்கலாம், அப்போ வந்து என்கிட்ட கேளு.

நூல்கண்டு

புதுத்துளிர், உன் கை அளவைச் சொல்லு. மணிக்கட்டுலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும், அப்புறம் உள்ளங்கைச் சுத்தளவு. நாலு விரலும் ஒண்ணா போற மாதிரி பின்னுறேன். ஒரு நாளைக்கு நாலு வரிசைதான், அவசரப்படக் கூடாது.

புதுத்துளிர்

பதினேழரை சென்டிமீட்டர். சுத்தளவு பதினெட்டு.

பொத்தான்பெட்டி

ஞாயிறு. இருக்கேன். விறைப்பு ஒரு மணி பத்து நிமிஷம்.

நான்காம்மாடி

இருக்கேன். வெளிய நடந்துட்டு வந்தேன்.

கடிகாரம்

இருக்கிறேன்.

துணைவன்

ரெண்டு பேரும் இருக்கோம். பொத்தானை அவங்களே போட்டாங்க, ஆறு நிமிஷம் ஆச்சு. மேல் பொத்தானுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாங்க.

வெயில்தேடி

இருக்கேன், ராத்திரி தூக்கம் இல்ல. நூல்கண்டு அக்கா இன்னும் வரல, மணி பத்தே முக்கால்.

நூல்கண்டு

இருக்கேன் இருக்கேன். பதிமூணாவது வரிசையில இருந்தேன்.

புதுத்துளிர்

இருக்கேன்.